தையல் மெசின் லாச்சியில் இருந்த மாத்திரைகள்

தர்ஷினி மகளே,

வருகிற புதன்கிழமை உனக்கு ஒபரேஷன். அதற்கு முன் உன்னிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாட்களாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்கு மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான் பேச வருகிறது. முப்பத்திரண்டு வருடம் கண்டி டவுனில் புடவைக் கடையில் நின்று, வாங்க வந்தவர்களையும் சும்மா பார்க்க வந்தவர்களையும் வாயாலேயே உட்கார வைத்தவன் நான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பில் எழுதிப் பழகிய கையெழுத்து இது, கொஞ்சம் பொறுமையாக வாசி.

போன வியாழக்கிழமை மாப்பிள்ளைக்குக் கார்மென்ட்ஸில் லீவு கிடைக்கவில்லை என்பதால்தான் நான் உன்னுடன் டொக்டரிடம் வந்தேன். நீ உள்ளே போய் வரும்வரை வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அந்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா விடவில்லை. "அப்பாவும் உள்ளுக்கு வாங்கோ, இதில மறைக்க என்ன இருக்கு" என்று கூப்பிட்டுவிட்டார். கதிரையின் நுனியில் உட்கார்ந்து சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். கர்ப்பப்பைக்கு உள்ளே வளர வேண்டிய படலம் போன்ற ஒன்று வெளியிலும் வளர்ந்திருக்கிறதாம். மாதாமாதம் உள்ளே இருப்பது வெளியேறும்போது இதுவும் கசிகிறதாம். ஆனால் இதற்கு வெளியே போக வழியில்லை. அங்கேயே தங்கிக் கட்டியாகி, ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாத உறுப்புகளையெல்லாம் ஒட்ட வைத்துவிடுமாம். சூலகம் இரண்டிலும் உனக்குக் கட்டி இருக்கிறது என்றார். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை எழுதியும் காட்டினார். இன்னும் எனக்கு அதைத் தடுமாறாமல் சொல்ல வரவில்லை. பிறகு பேனாவைச் சரிசெய்துகொண்டு, "எத்தினை வயசில தொடங்கின நோவு இது?" என்று உன்னிடம் கேட்டார். நீ ஒரு தரம் என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். "ரெண்டு மூணு வருசமாத்தான் டொக்டர்" என்றாய். அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அப்போதுதான் சொன்னாய். "அம்மாவுக்குச் சொல்லாதீங்கப்பா. சும்மா கவலப்படுவாங்க. எல்லாம் முடிஞ்ச பொறகு நானே சொல்றேன்." நான் சரி என்று தலையாட்டினேன். உன்னை உன் வீட்டுக்குத் திகன பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நம் வீட்டுக்கு வர கெலிஓயா பஸ்ஸுக்காக நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அது உன் பேச்சு இல்லை, என் பேச்சு. பதினெட்டு வருடத்துக்கு முன் உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததை, அப்படியே எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாய்.

உன் அம்மா குவைத்துக்குப் போகும்போது உனக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருடம் நீ பெரிய பிள்ளை ஆனாய். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் தண்ணீர் ஊற்றினார்கள். கடையில் இருந்ததிலேயே நல்ல பாவாடைத் துணியாகப் பார்த்து நான் வெட்டிக்கொண்டு வந்தேன், ஒரு அப்பனாக என் கடமை அதோடு முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன். ஆறேழு மாதம் போயிருக்கும். ஜனவரி மாதம், பள்ளி தொடங்கிய முதல் வாரம், கடையில் வெள்ளைத் துணிக்கு அடிபிடி. கடைப் போனுக்கு உன் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் நீ வாங்கில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கிடக்கிறாய், முகத்தில் இரத்தமே இல்லை. டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொம்பளப் புள்ளைங்களுக்கு வர்ற வலிதான்" என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. உன்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னால் சாமான் அறையில் வெள்ளைத் துணிச் சுருள்களுக்கு மேலே படுக்க வைத்துவிட்டு, நான் முன்னால் வந்து மற்றவர்களின் பிள்ளைகளுக்கு யூனிபோர்ம் துணி அளந்தேன். இரண்டு மணிநேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது நீ எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாய். "ஏன் நிக்கிற?" என்று கேட்டேன். "துணியில பட்டுருமோன்னு பயமா இருக்குப்பா" என்றாய். அந்தப் பதிலைக் கேட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகவே தெரிகிறது. அன்றைக்கு, "சரி, நல்ல புள்ள" என்று சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாம் இருவரும் காசு கொடுத்துப் போன் பேசும் கொமினிகேஷன் கடையில் அம்மாவின் அழைப்புக்காகக் காத்திருந்தோம். உனக்கு நினைவிருக்கும், அவள் வாரம் ஒருமுறை வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் பேசுவாள். போன் வருவதற்கு முன் உன்னிடம் சொன்னேன்: "அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாத. சும்மா கவலப்படும். வேலய விட்டுட்டு வந்துரும். எப்படி இருக்கன்னு கேட்டா, சுகமா இருக்கேன்னு மட்டும் சொல்லு." அப்போது நம் வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றிருந்தது. அவள் பாதியில் வந்துவிட்டால் வீடும் பாதியில் நிற்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பொண்டாட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்ற வீறாப்பு. நீ போனை வாங்கி, "சுகமா இருக்கேம்மா" என்றாய். குரலில் ஒரு பிசிறு கூட இல்லை. என் மகள் கெட்டிக்காரி என்று அன்று பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு அது நம் இருவருக்கும் பழக்கமாகிவிட்டது. கடைக்குப் பக்கத்துப் பார்மசியில் வலி மாத்திரை அட்டை ஒன்று வாங்கி வந்து, நான் தையல் மெசின் லாச்சியை இழுத்து, அதற்குள் வைப்பேன். நூல் கட்டைகளுக்குப் பின்னால். நீ எடுத்துக்கொள்வாய். அட்டை தீர்ந்தால் வெற்று அட்டையை அங்கேயே வைத்துவிடுவாய், நான் புதிதாக வாங்கி வைப்பேன். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியிருப்போமா? அம்மா இடையில் இரண்டு தடவை லீவில் வந்தாள், உனக்கு இருபது வயதானபோது ஒரேயடியாக வந்துவிட்டாள், அப்போதும் லாச்சி அப்படியே நடந்தது. ஒரு மாத்திரை இரண்டானது, இரண்டு மூன்றானது. எனக்குத் தெரியும், வாங்குகிறவன் நான்தானே. குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு நீ அரைமணி நேரம் உள்ளேயே இருப்பாய். "தண்ணி சும்மாவா வருது?" என்று வெளியில் நின்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். நீ உடனே பைப்பை மூடிவிடுவாய்.

ஒரே ஒரு தடவை, உனக்கு இருபத்துநான்கு வயதில், உன்னை டவுனில் ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் நாடி பார்த்துவிட்டு, "கல்யாணம் பண்ணிக் குடுங்க, ஒரு புள்ள பொறந்துச்சுன்னா எல்லாம் சரியாயிரும்" என்றார். அந்த வார்த்தை எனக்குத் தேன் மாதிரி இருந்தது. வைத்தியமும் நான்தான் செய்து வைக்கப் போகிறேன், அதுவும் மேளதாளத்தோடு. நீ அக்கவுண்டன்சி கோர்ஸை முடிக்க இன்னும் ஒரு வருடம் கேட்டாய். நான் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, காலையில் லாச்சி காலியாக இருந்ததைப் பார்த்தேன். இன்றைக்குத்தானா என்று உன்மேல் கோபம் வந்தது, சத்தியமாக உன்மேல்தான் வந்தது. ஓடிப்போய் ஒரு அட்டை வாங்கி வந்து உன் கையில் திணித்துவிட்டு, தேத்தண்ணித் தட்டை எடுத்து வரச் சொன்னேன். கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. சம்பந்தியம்மா, "புள்ளைக்குப் பயம்" என்று சிரித்தார். "கூச்ச சுபாவம்" என்று நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு நீ வாசலைக் கூடப் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்தாய். அம்மா, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாள்.

பிறகு ஆறு வருடம் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை திகனவுக்கு வருவேன். ஒரு பையில் பாணும் பழமும், அடியில் மாத்திரை அட்டையும் இருக்கும். பையைக் கொடுத்துவிட்டு அதே வாயால், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பேன். அடியில் இருந்த அட்டை எனக்கு முதலே பதில் சொல்லியிருக்கும், இருந்தாலும் கேட்பேன். நீ சிரிப்பாய். ஒரு தடவை மட்டும், "இருந்தா சொல்ல மாட்டேனாப்பா" என்றாய். உன் கல்யாணத்துக்கு அடுத்த மாதமே கடையில் நல்ல மெல்லிய பருத்தித் துணி ஒன்று வந்தது. குழந்தைக்குச் சட்டை தைக்கலாம் என்று இரண்டு யார் அளந்து வெட்டிக்கொண்டு வந்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். கடையை விட்டு நின்று இரண்டு வருடமாகிறது, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தால் கை வரவில்லை, வைத்திருந்தால் உனக்கு நான் ஏதோ பாரம் ஏற்றுவது போல இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை உன்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று நான் திரும்ப மேலே ஓடினேனே, குடை என் கக்கத்தில்தான் இருந்தது. டொக்டரம்மாவிடம் போய், "பதிமூணு வயசுலயே கூட்டிட்டு வந்திருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதா?" என்று கேட்டேன். அவர் பைலைப் பார்த்தார். "மகள் ரெண்டு மூண்டு வருசம் எண்டெல்லோ சொன்னவா?" என்றார். "எனக்காகப் பொய் சொல்லுதும்மா" என்றேன். அவர் எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். பிறகு, "அப்பிடி அறுதியாச் சொல்ல ஏலாது ஐயா. முந்தியே வந்திருந்தா நோவைக் குறைச்சிருக்கலாம். மற்றது ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

அவர் உனக்குச் சொன்னதையெல்லாம் இந்த மூன்று நாளும் மனதில் ஓட்டிப் பார்க்கிறேன். கட்டியை எடுக்கலாம், ஆனால் திரும்பவும் வரலாம். எடுக்கும்போது நல்ல பகுதியிலும் கொஞ்சம் போகலாம். மாதவிலக்கை நிறுத்தும் மருந்து எடுத்தால் வலி குறையும், ஆனால் அதை எடுக்கும்வரை பிள்ளை தங்காது. பிள்ளைக்கு முயற்சி செய்வதென்றால் அந்த மருந்தை விட்டுவிட்டு வலியைத் தாங்க வேண்டும். சில மாதம் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய் டெஸ்ட் டியூப். அதுவும் நிச்சயமில்லை. நீ கொஞ்சமும் யோசிக்காமல், "நான் தாங்கிக்குவேன் டொக்டர்" என்றாய். உனக்குப் பிள்ளை ஆசை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் தாங்கிக்கொள்வதை நீ அவ்வளவு சுலபமாகச் சொன்னது என்னைக் கொன்றுவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். வலி போக வேண்டும் என்று கேட்பதா, பிள்ளை வர வேண்டும் என்று கேட்பதா? ஒன்றைக் கேட்டால் மற்றதற்கு எதிராகக் கேட்பது போல இருந்தது. ஐயர் யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார், உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். மாப்பிள்ளை நேற்றுக் காலை டவுனில் என்னைச் சந்தித்தார். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும், "மாமா, அவ என்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறா. பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு உள்ளயே இருக்கா. நான் வெளிய நிக்கிறேன். தட்டுனா, ஒண்ணுமில்ல, சுகமா இருக்கேன்னு சொல்றா. நான் என்ன மாமா செய்ய?" என்றார். அந்த மனிதர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நம் வீட்டில் நான் கதவுக்கு வெளியில் நின்று கத்தினேன், அங்கே அவர் வெளியில் நின்று அழுகிறார், உள்ளே நீ இரண்டு இடத்திலும் தனியாகத்தான் இருந்திருக்கிறாய். அவரிடம் சொல், மகளே. அவரால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம், எனக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை, டொக்டருக்கே பாதிதான் முடிகிறது. ஆனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழு. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும்தானே இருக்கப் போகிறீர்கள்.

நேற்று வீட்டுக்கு வந்ததும், நீ என்னிடம் கேட்டுக்கொண்டதை நான் மீறிவிட்டேன். அம்மா முற்றத்தில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டி வந்து, தையல் மெசின் லாச்சியைத் திறந்து காட்டினேன். அடுத்த தடவை உனக்குக் கொண்டுவர வாங்கியிருந்த அட்டை, நூல் கட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயர் வாயில் வரவில்லை, மற்ற எல்லாம் வந்தது. "எப்ப இருந்து?" என்றாள். "நீ போன அடுத்த வருசத்துல இருந்து" என்றேன். மெசினுக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கேட்டேனே. சுகமா இருக்கேம்மான்னுதானே சொல்லும்." நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் என்றேன். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. லாச்சியைத் தள்ளி மூடிவிட்டு, "நானும் அங்க இருந்து அதையேதான் சொன்னேன்" என்றாள். அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதை நீ கேள், உன்னிடம் சொல்லுவாள்.

நேற்றிலிருந்து அவள் என்னுடன் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. இரண்டு சேலையும் சுடுதண்ணி ஒத்தடப் பையும் எடுத்து வைத்திருக்கிறாள். அலுமாரியைத் திறந்தவள் அந்தப் பருத்தித் துணியைப் பார்த்தாள், எடுக்கவும் இல்லை, என்னிடம் கேட்கவும் இல்லை, திரும்ப மூடிவிட்டாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறி, கண்டியில் மாறி, உன் வீட்டுக்கு வருகிறாள். ஒபரேஷன் முடிந்து நீ எழுந்து நடமாடும்வரை அங்கேதான் இருப்பாளாம். நானும் வரட்டுமா என்று கேட்டேன், அவள் தன் பையை மட்டும் எடுத்து வாசலோரம் வைத்தாள். அதனால் இந்தக் கடிதத்தை அவள் பையில்தான் வைத்து அனுப்புகிறேன், நீ இதை வாசிக்கும்போது அவள் உன் பக்கத்தில் இருப்பாள். என்மேல் கோபப்படு, அதற்கு உனக்கு எல்லா நியாயமும் உண்டு. புதன்கிழமை நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், உள்ளே வரச் சொன்னால் வருவேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் உன்னிடம், எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். ஒருவேளை வந்தவுடனேயே கேட்டிருப்பாள், நீயும் பழக்கத்தில் அந்தப் பதிலைச் சொல்லியிருப்பாய். பரவாயில்லை. அவள் இன்னொரு முறை கேட்பாள், கேட்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாதே, மகளே.

அப்பா